கீழ்க்கோத்தகிரித் தைலத்துக்கு லைசென்ஸ் கேட்கிறார்கள்: மலை மருந்தை எங்கே, எப்படிப் பதிவது?

கீழ்க்கோத்தகிரி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கீழ்க்கோத்தகிரிப் பக்கம் பன்னிரண்டு பெண்கள் சேர்ந்து சுயஉதவிக் குழு நடத்துகிறோம். மூன்று வருடமாக மூட்டுவலித் தைலம் காய்ச்சி விற்கிறோம். என் மாமியாரின் கைப்பக்குவம்.

நல்லெண்ணெயில் நொச்சி, முடக்கற்றான், வாதநாராயணன் இலைச்சாறு ஊற்றிச் சிறுதீயில் வைப்போம். சாறு சுண்டி, அடியில் தங்கும் வண்டல் மெழுகு பதத்துக்கு வந்ததும் பஞ்சுத்திரியை அதில் நனைத்துக் கொளுத்திப் பார்ப்போம். சடசடவென்று பொரிந்தால் ஈரம் இன்னும் போகவில்லை. சத்தமில்லாமல் நின்று எரிந்தால் இறக்கிவிடலாம். ஆறினபிறகு நீலகிரித் தைலமும் கொஞ்சம் விண்டர்கிரீன் எண்ணெயும் கலந்து 100 மில்லி பாட்டிலில் அடைப்போம். இன்னொரு வேரும் சேர்க்கிறோம். குழுவில் இருக்கும் நான்கு இருளர் பெண்கள் சொல்லிக்கொடுத்தது அது. அவர்கள் ஊரில்தான் அந்த வேர் புழக்கத்தில் இருக்கிறது.

போன மாதம் ஒரு கண்காட்சியில் கடை போட்டிருந்தோம். ஒரு அதிகாரி வந்தார். மரியாதையாகத்தான் பேசினார். பாட்டிலைத் திருப்பி லேபிளைப் படித்தார். "மூட்டுவலி, முடக்குவாதம், நரம்புத் தளர்ச்சி குணமாகும்" என்று அச்சடித்திருந்தோம். "இது மருந்தாச்சே, லைசென்ஸ் நம்பர் எங்கேம்மா?" என்றார். எங்களிடம் இருந்தது 100 ரூபாய் கட்டி எடுத்த உணவுப் பாதுகாப்புப் பதிவு மட்டும்தான். தைலத்துக்கு அது செல்லாது, மீதிப் பாட்டிலை எடுத்து உள்ளே வையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பறிமுதல் எதுவும் செய்யவில்லை. அந்த 38 பாட்டிலும் என் வீட்டுப் பரண்மேல் இருக்கிறது.

குறுக்குவழி வேண்டாம். முறையாகவே செய்ய ஆசைப்படுகிறோம். குழுக் கணக்கில் 46,000 ரூபாய் இருக்கிறது. எங்கே தொடங்குவது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


ஊட்டி பார்மசி வாத்தியார் எழுதியது:

அம்மா, அந்த அதிகாரி சொன்னது சரி. நிதானமாக விளக்குகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும்.

நம் நாட்டில் மருந்துக்கான அடிப்படைச் சட்டம் 1940-ல் வந்தது. ஆயுர்வேத, சித்த, யுனானி மருந்துகள் 1964 திருத்தத்தில்தான் அதற்குள் வந்தன. அதன்படி, விற்பனைக்காக இந்த மருந்துகளைத் தயாரிக்க உரிமம் வேண்டும். விண்ணப்பம் படிவம் 24டி, கையில் வரும் உரிமம் படிவம் 25டி. தமிழ்நாட்டில் சென்னை அரும்பாக்கத்தில் இருக்கும் இந்திய மருத்துவம் மற்றும் ஓமியோபதித் துறை வழியாக இது நடக்கிறது. விற்கிற கடைக்குத் தனி உரிமம் தேவையில்லை. காய்ச்சுகிறவருக்குத்தான் தேவை. பல பேர் இதைத் தலைகீழாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள்.

உரிமம் வேண்டுமென்றால் அட்டவணை 'டி' (ஆங்கில T) என்கிற நல்ல தயாரிப்பு முறை விதிகளுக்குள் வரவேண்டும். 2000-ம் ஆண்டு ஜூனில் வந்த விதிகள் அவை. 1200 சதுர அடிக் கூரையிட்ட இடம், ஒவ்வொரு வேலைக்கும் தனித் தடுப்பு, மூலப்பொருளுக்கும் முடிந்த சரக்குக்கும் தனி அறை, சோதனை வசதி, பொறுப்பேற்கத் தகுதியுள்ள ஒருவர். 46,000 ரூபாயில் இதெல்லாம் முடியாது, உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் இதே விதிகளில் லோன் லைசென்ஸ் என்று ஒன்று உண்டு, படிவம் 25இ. ஏற்கெனவே உரிமம் உள்ள தயாரிப்புக்கூடத்தில் உங்கள் சரக்கை உங்கள் பெயரில் தயாரித்துக்கொள்ளலாம். கீழே மேட்டுப்பாளையம், கோவைப் பக்கம் விசாரியுங்கள். உங்களுக்கு அதுதான் ஒத்துவரும் என்று நினைக்கிறேன்.

லேபிள் விஷயம் அவசரம். 1954-ல் வந்த மருந்து மற்றும் மாய வைத்தியம் பற்றிய விளம்பரச் சட்டத்தில் 54 நோய்களின் பட்டியல் இருக்கிறது. அவற்றைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்யவே கூடாது. முடக்குவாதமும் நரம்புத் தளர்ச்சியும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. அந்த லேபிளை இன்றைக்கே கிழித்துப் போடுங்கள்.


தாண்டிக்குடிக்காரன் எழுதியது:

ஐயா விவரமாக எழுதியிருக்கிறார், நன்றி. ஆனால் எனக்கு மனசு ஆறவில்லை.

மலையில் 1200 சதுர அடி சமதளம் எங்கே கிடைக்கும்? எங்கள் பழனி மலையில் வீடே படிப்படியாகத்தான் கட்டுகிறோம். கிடைத்தாலும் கட்டட அனுமதி வாங்க எத்தனை மாதம் அலைய வேண்டும்? பன்னிரண்டு பெண்கள் அடுப்பில் காய்ச்சுகிற தைலத்துக்கும், பத்தாயிரம் லிட்டர் கொப்பரை வைத்திருக்கிற கம்பெனிக்கும் ஒரே அளவுகோல். குருவி தலையில் பனங்காயை வைக்கிறார்கள்.

என் தாத்தா வைத்தியர். காமாலைக்கும் எலும்பு முறிவுக்கும் பண்ணைக்காடு, பாச்சலூர்வரை அவரைத் தேடி வருவார்கள். வெற்றிலை பாக்கில் ஒரு ரூபாய் வைத்துக் கொடுத்தால் வாங்குவார், இல்லாவிட்டால் கேட்கமாட்டார். எந்தப் பதிவேட்டிலும் அவர் பெயர் கிடையாது. தகுதியும் பதிவும் இல்லாமல் பரம்பரை வைத்தியம் செய்யக்கூடாது என்று 2018-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. பேப்பரில் படித்துவிட்டு அப்பா சொன்னார், "நல்லவேளை, பெரியவர் இதைப் பார்க்காமல் போய்ச் சேர்ந்தார்." அவருடைய ஏடுகள் தகரப் பெட்டியில் இருக்கின்றன. எடுத்துப் பார்க்கவே பயமாக இருக்கிறது, பூச்சி அரித்திருக்கும்.

பதிவு பதிவு என்கிறோமே, அது யாரைக் காப்பாற்ற? நோயாளியையா, கம்பெனியையா?


அரவேணு எழுதியது:

கீழ்க்கோத்தகிரி அக்கா, அந்தத் தைலத்தை எங்கள் வீட்டில் வாங்குவோம். பாட்டி இப்போதும் கேட்டுக்கொண்டே இருக்கிறார். பரணில் இருப்பதில் இரண்டு பாட்டில் கிடைக்குமா?


பாளை சித்தா எழுதியது:

அரவேணு தம்பி, கொஞ்சம் பொறுங்கள். பாட்டிக்கு இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை ஏதாவது கொடுக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். காரணம் கீழே சொல்கிறேன்.

நான் பாளையங்கோட்டையில் சித்த மருத்துவம் படித்தவள். பல வருடமாக மலைப்பகுதிகளில் வேலை. தாண்டிக்குடித் தம்பி கேட்ட "யாரைக் காப்பாற்ற" என்ற கேள்விக்கு என் மேசைக்கு வந்த ஒரு அம்மாவை வைத்துத்தான் பதில் சொல்ல முடியும்.

அறுபது வயதிருக்கும். தேயிலை பறிக்கப் போனவர். முகம் முழுநிலா மாதிரி உருண்டு உப்பியிருந்தது. கையும் காலும் குச்சி. கையைத் தொட்டால் தோல் காகிதம் மாதிரி, அழுத்திய இடத்தில் நீலம் பாய்ந்தது. சர்க்கரை ஏறியிருந்தது, அதற்கு முன் அவருக்குச் சர்க்கரை நோயே கிடையாது. என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டேன். மடியில் முடிந்துவைத்திருந்த பொட்டலத்தை எடுத்தார். "மூலிகைச் சூரணம், டாக்டரம்மா. எட்டு மாசமா சாப்பிடறேன். முதல் நாளே வலி பறந்துபோச்சு." சாலையோரம் கூடாரம் போட்டு விற்றவரிடம் வாங்கியது. ஊர் தெரியாது, பெயர் தெரியாது.

மூட்டுவலிச் சூரணம் முதல் நாளே வலியைப் பறக்கவிடாது. ஸ்டீராய்டு மாத்திரையைப் பொடித்துக் கலந்தால்தான் அப்படி நடக்கும். அதிலும் கொடுமை, அவரைச் சட்டென்று நிறுத்தச் சொல்லவும் முடியாது. மாதக்கணக்கில் ஸ்டீராய்டு உள்ளே போய்க்கொண்டிருந்தால் உடம்பு தானாகச் சுரப்பதை நிறுத்திவிடும். பொட்டலத்தை நிறுத்தினால் சுருண்டு விழுவார். மேல் சிகிச்சைக்கு அனுப்பினோம், கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்கள். அந்தப் பொட்டலத்தில் தயாரித்தவர் பெயரோ, தொகுதி எண்ணோ, ஒரு முகவரியோ இருந்திருந்தால் அதே சரக்கை வாங்கிய மற்றவர்களையும் தேடியிருப்போம். எத்தனை பேர் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அதை நினைத்தால் தூக்கம் வராது.

அது கலப்படக்காரன் கதை. நல்ல மனதோடு கொடுத்ததாலும் கேடு வரும். பெல்ஜியத்தில் 1990-களின் தொடக்கத்தில் உடல் இளைக்கச் சீன மூலிகை சாப்பிட்ட பெண்கள் நூறு பேருக்கு மேல் சிறுநீரகம் பழுதாகிப் போனார்கள். ஒரு வேருக்குப் பதிலாக அரிஸ்டலோக்கியா இனத்து வேர் மாறி வந்ததுதான் காரணம். அதிலுள்ள அமிலம் சிறுநீரகத்தைக் கெடுக்கும், புற்றுநோயும் வரவைக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அதை முதல் வகுப்பில் வைத்திருக்கிறது. அந்த இனத்துச் செடிகள் நம் ஊரிலும் உண்டு: ஆடுதீண்டாப்பாளை, ஈஸ்வரமூலி. பூச்சிக்கும் விஷக்கடிக்கும் நம் வைத்தியர்கள் தலைமுறை தலைமுறையாகக் கொடுத்தவை. சாப்பிட்டவருக்குப் பத்து வருடம் கழித்துச் சிறுநீரகம் போனால் அதையும் இந்த வேரையும் யார் முடிச்சுப் போட்டுப் பார்ப்பார்கள்? பாரம்பரியப் பயன்பாடு உடனே வருகிற விஷத்தைக் கண்டுபிடித்துவிடும். மெல்ல வருகிற விஷத்தை அதனால் கண்டுபிடிக்க முடியாது.

இனி அக்காவின் தைலம். விண்டர்கிரீன் எண்ணெய் பெரும்பாலும் மெத்தில் சாலிசிலேட். ஆஸ்பிரினுக்கு நெருங்கிய உறவு. ஒரு டீஸ்பூன் சுத்த எண்ணெய் உள்ளே போனால் இருபதுக்கு மேல் ஆஸ்பிரின் மாத்திரை விழுங்கியதற்குச் சமம். குழந்தைக்கு அது உயிர்ப் பிரச்சினை. நீலகிரித் தைலமும் அப்படியே, சில மில்லி குடித்தாலே குழந்தைக்கு வலிப்பு வரலாம். தோலில் நிறையத் தேய்த்தாலும் சாலிசிலேட் இரத்தத்தில் சேரும். உறைதல் தடுப்பு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இரத்தக் கசிவு வர வாய்ப்புண்டு. தம்பியைப் பொறுக்கச் சொன்னது அதனால்தான். அக்கா, உங்கள் பாட்டிலில் "வெளிப்பூச்சுக்கு மட்டும்" என்று இருக்கிறதா? மூடி எப்படிப்பட்டது? விண்டர்கிரீன் எத்தனை மில்லி, அளந்து ஊற்றுகிறீர்களா, கைக்கணக்கா?


கீழ்க்கோத்தகிரி எழுதியது:

டாக்டரம்மா, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டேன். கைக்கணக்குத்தான். கடையில் வாங்கும் எண்ணெய், அது இலையிலிருந்து எடுத்ததா ரசாயனமா என்றுகூட நாங்கள் கேட்டதில்லை. மூடி சாதாரணத் திருகு மூடி. "வெளிப்பூச்சுக்கு மட்டும்" என்று அச்சடிக்கவில்லை. தைலத்தை யாராவது குடிப்பார்களா என்று நினைத்துவிட்டோம். என் பேரனுக்கு இரண்டு வயது. அந்தப் பாட்டில்கள் அவன் படுக்கிற அறையின் பரணில்தான் இருந்தன. இப்போது பூட்டு போட்ட பெட்டிக்கு மாற்றிவிட்டேன்.

அரவேணு தம்பி, மன்னிக்கவும், இப்போதைக்குக் கொடுக்க மாட்டேன்.


தாண்டிக்குடிக்காரன் எழுதியது:

டாக்டரம்மா, என் தாத்தா ஆடுதீண்டாப்பாளைச் சாறு கொடுத்திருக்கிறார். நானே சின்ன வயதில் குடித்திருக்கிறேன். கசப்பு இன்னும் நாக்கில் நிற்கிறது. நீங்கள் சொன்னது எனக்குத் தெரியாது. தாத்தாவுக்கும் தெரிந்திருக்காது. தெரிந்திருந்தால் கொடுத்திருக்கமாட்டார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். 1990-களிலேயே தெரியவந்த விஷயம், தாத்தா உயிரோடு இருந்த காலம் அது. எங்கள் மலைக்கு வந்து அவரிடம் யார் சொன்னார்கள்? ஆங்கில மருந்து ஒன்றைத் தடை செய்தால் மருந்துக்கடைக்குச் சுற்றறிக்கை போகிறது. எங்கள் வைத்தியருக்கு யார் அனுப்புவார்கள்? அவர் இருக்கிறார் என்றே அரசாங்கத்துக்குத் தெரியாதே. பதிவேட்டில் பெயர் இருந்தால்தானே தபால் வரும்?

எழுதும்போதுதான் எனக்கே புரிகிறது, நான் பதிவை எதிர்க்கவில்லை. "நீ போலி, ஓடிப் போ" என்று சொல்வதற்காகப் பதிவேடு வைத்தால் எதிர்ப்பேன். "நீ இருக்கிறாய், இந்தச் செடியில் கவனமாக இரு" என்று சொல்ல வைத்தால் முதல் ஆளாகத் தாத்தாவின் ஏடுகளைக் கொண்டுவந்து வைப்பேன்.


ஊட்டி பார்மசி வாத்தியார் எழுதியது:

தம்பி, இத்தனை வருடம் வகுப்பெடுக்கிறேன், இந்தக் கோணத்தில் நான் யோசித்ததில்லை. பதிவு என்றாலே எங்களுக்கு உரிமம், தண்டனை, படிவம்தான் நினைவுக்கு வரும்.

வைத்தியர்களுக்குச் சட்டத்தில் ஒரு விலக்கு இருக்கிறது. தம் நோயாளிகளுக்குத் தாமே மருந்து செய்துகொடுக்கும் வைத்தியருக்கும் யுனானி ஹக்கீமுக்கும் உரிமம் தேவையில்லை. ஆனால் அட்டவணை 'டி' விலக்குக் கொடுக்கும்போது "பதிவு பெற்ற" வைத்தியர் என்கிறது. கடையில் விற்கக்கூடாது என்றும் சொல்கிறது. கல்லூரியில் படிக்காத பரம்பரை வைத்தியர் அந்த விலக்கின் வாசலிலேயே நின்றுவிடுகிறார்.


அடிவாரம் நாட்டுமருந்து எழுதியது:

பழனி அடிவாரத்தில் நாட்டுமருந்துக் கடை வைத்திருக்கிறோம், மூன்றாம் தலைமுறை. எல்லோரும் பாட்டிலைப் பற்றியே பேசுகிறீர்கள். மூட்டைக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

அசோகப் பட்டை கேட்டால் நெட்டிலிங்கப் பட்டை வரும். பொடித்துவிட்டால் எங்களுக்கே அடையாளம் தெரியாது. அதனால் நான் பொடியாக வாங்குவதே இல்லை, பட்டையாகத்தான் வாங்குவேன், விலை கூடினாலும் சரி. கீழாநெல்லி மூட்டையில் அதன் சொந்தக்காரச் செடிகள் நாலைந்து கலந்து வரும். பிரம்மி கேட்டால் ஒருவர் நீர்ப்பிரம்மி தருவார், இன்னொருவர் வல்லாரையைத் தருவார். இரண்டு பேருமே நாணயமானவர்கள்தான், பெயர்தான் குழப்பம்.

ஒரே செடிக்கு எத்தனை பெயர் என்பதற்கு எங்கள் பக்கத்து உதாரணம் சொல்கிறேன். ஒட்டன்சத்திரம், மூலனூர்ப் பக்கம் கம்பியில் கொடி ஏற்றிக் கண்வலிக் கிழங்கு சாகுபடி செய்கிறார்கள். விதை வெளிநாட்டுக்குப் போகிறது, கோல்சிசின் என்கிற மருந்துப்பொருள் எடுக்க. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு அது செங்காந்தள், நம் மாநில மலர். சட்டத்தின் விஷப்பொருள் பட்டியலில் அதே கிழங்கு "கலப்பைக் கிழங்கு" என்று எட்டி, சேராங்கொட்டை, நாபியோடு நிற்கிறது. அந்தப் பட்டியலில் உள்ளது சேர்ந்த மருந்தில், மருத்துவர் மேற்பார்வையில் சாப்பிடச் சொல்லி எச்சரிக்கை அச்சடிக்க வேண்டும். கண்வலிக் கிழங்கு என்றே பழகிய ஆள் பட்டியலைப் படித்தால் தன் செடி அதில் இருப்பது அவருக்குத் தெரியுமா? பதிவேடு எழுதுகிறவர்கள் வட்டாரப் பெயரையும் தாவரவியல் பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் எழுத வேண்டும். என்னைக் கேட்டால் பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும்.


சோலைக்காடு எழுதியது:

நான் மலைப்பகுதியில் தேன், கடுக்காய், கல்பாசி சேகரிக்கிற பழங்குடி மக்களோடு வேலை செய்கிறேன். அக்கா சொன்ன "இன்னொரு வேர்" என்ற வார்த்தை எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது.

அக்கா, அந்த வேரின் பெயரை இங்கே எழுதாமல் விட்டீர்களே, மிக நல்லது. இனியும் எழுதாதீர்கள்.

சட்டத்தின் பார்வையில் சித்த மருந்து என்றால் என்ன? முதல் அட்டவணையில் குறித்திருக்கிற நூல்களில் உள்ள மருந்து. நீங்களே புதிதாகக் கலவை செய்து உங்கள் பெயரில் உரிமம் வாங்கலாம். ஆனால் அதில் சேருகிற ஒவ்வொரு பொருளும் அந்த நூல்களின் செய்முறைகளில் இருக்க வேண்டும். நொச்சி இருக்கும். இருளர் பெண்கள் காட்டிய வேர் அந்த நூல்களில் இல்லையென்றால் அது சித்த மருந்தாகாது, எத்தனை நூறு வருடம் பயன்படுத்தியிருந்தாலும் சரி. தாவர மருந்துக்கென்று 2015-ல் இன்னொரு பிரிவைத் திறந்தார்கள். சாறெடுத்துச் சுத்திகரித்து, அதில் குறைந்தது நான்கு வேதிப்பொருளை அளந்து காட்டி, மனிதர்களிடம் சோதனை நடத்த வேண்டும். ஒரு இருளர் ஊர் அதற்கு எங்கே போகும்?

மறுபக்கத்தையும் பாருங்கள். 2002-ன் பல்லுயிர்ச் சட்டப்படி, காட்டு மூலிகையை வைத்துச் சம்பாதிக்கிறவர் அறிவுக்குச் சொந்தக்காரர்களோடு பலனைப் பகிர வேண்டும். 2023 திருத்தத்தில் நூலாக்கப்பட்ட அறிவுக்கு இதிலிருந்து விலக்கு கொடுத்துவிட்டார்கள். ஆக, புத்தகத்தில் இருந்தால் பங்கு கிடையாது, புத்தகத்தில் இல்லையென்றால் உரிமம் கிடையாது. இரண்டு வழியிலும் கைவிடப்படுகிறவர் செடியைக் காட்டியவர்தான்.

அகத்தியமலையில் காணிக்காரர்கள் என்ற பழங்குடியினரின் கதை நினைவிருக்கலாம். 1987-ல் காட்டுக்குள் போன விஞ்ஞானிகள் களைத்துப்போனார்கள். கூட வந்த காணிக்காரர்கள் ஏதோ ஒரு காயைத் தின்றுகொண்டு சளைக்காமல் நடந்தார்கள். அதைப் பார்த்துக் கேட்டு அறிந்ததுதான் ஆரோக்கியப்பச்சை என்ற செடி. அதிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்து வந்தது. கோவை நிறுவனம் ஒன்றுக்கு உரிமம் கொடுத்தபோது 10 லட்சம் ரூபாயும் விற்பனையில் 2 சதவீதமும் பேசினார்கள், அதில் பாதி காணிக்காரர்களுக்கு. அதற்காக 1997-ல் அறக்கட்டளை அமைத்தார்கள். உலகமே எடுத்துக்காட்டாகப் பேசிய ஏற்பாடு அது. அதிலும் காணிக்காரர் எல்லோரிடமும் முன்கூட்டிக் கேட்டார்களா என்ற கேள்வி எழுந்தது. செடியைப் பறிக்க வனத்துறையோடும் சிக்கல் வந்தது.

அதனால் அவசரப்படாதீர்கள். உள்ளாட்சி தோறும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும், மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுத வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அங்கே அந்த நான்கு பெண்களும் அவர்கள் ஊரும் உட்கார்ந்து, எதை எழுதலாம், எதை ஊருக்குள்ளேயே வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்யட்டும். குழுவின் பெயரில் நீங்கள் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள்.


கிள்ளான் வாழ் குன்னூரான் எழுதியது:

மலேசியாவில் பதினாறு வருடம். இங்கே எப்படி என்று சொல்கிறேன், பயன்படலாம்.

பாரம்பரிய மருந்துகளை இங்கே 1992-லிருந்து பதிவு செய்கிறார்கள். கடையில் எந்தப் பாட்டிலை எடுத்தாலும் "மால்" என்று தொடங்கும் எண் இருக்கும், கடைசி எழுத்து 'டி' (ஆங்கில T) என்றால் பாரம்பரிய மருந்து. ஹோலோகிராம் ஸ்டிக்கரும் உண்டு. வேலை செய்கிறது என்று நிரூபிக்கச் சொல்வதைவிட, உலோகம் இல்லை, கிருமி இல்லை, ஆங்கில மருந்து கலக்கவில்லை என்று காட்டச் சொல்வதில்தான் கண்டிப்பு அதிகம். டாக்டரம்மா சொன்ன பொட்டலம் இந்த வலையில் மாட்டியிருக்கும்.

பக்கத்து இந்தோனேசியாவின் முறைதான் எனக்கு மிகவும் பிடித்தது. அங்கே மூன்று படி. பரம்பரைப் பயன்பாட்டை மட்டும் காட்டினால் ஜாமு. விலங்குச் சோதனையும் தரப்படுத்தலும் முடித்தால் இரண்டாம் படி. மனிதச் சோதனை முடித்தால் மூன்றாவது, பிட்டோபார்மகா. ஒவ்வொன்றுக்கும் பாட்டிலில் தனித்தனிச் சின்னம், வாங்குகிறவருக்குப் பார்த்தவுடன் புரியும். இதற்கெல்லாம் வெளியே, கூடையில் பாட்டில்களைச் சுமந்து தெருத்தெருவாக அன்றன்றைக்குக் காய்ச்சிய ஜாமு விற்கும் பெண்களுக்குப் பதிவிலிருந்து விலக்கு. தாண்டிக்குடி நண்பர் கேட்ட அளவுகோல் வித்தியாசம் அங்கே சட்டத்திலேயே இருக்கிறது.

அப்புறம் நொச்சி. பிலிப்பைன்ஸில் அதன் பெயர் லகுண்டி. அரசு சுகாதாரத் துறை பரிந்துரைத்த பத்து மூலிகைகளில் ஒன்று. சோதித்து, பதிந்து, இருமலுக்கு மாத்திரையாகவும் சிரப்பாகவும் மருந்துக்கடையில் விற்கிறார்கள். நம் வேலியில் நிற்கிற அதே நொச்சி. முதன்முதலில் கடை அலமாரியில் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. சளி பிடித்தால் நொச்சி போட்டு ஆவி பிடிக்கவைப்பார் என் அம்மா, கம்பளியைத் தலைமேல் போர்த்தி.


தாண்டிக்குடிக்காரன் எழுதியது:

இந்தோனேசியாவில் முடிகிறது, நம்மால் முடியாதா? நிலவேம்புக் குடிநீரை 2012 டெங்குவின்போது நம் அரசே தெருவில் வைத்து ஊற்றியது. ஒன்பது சரக்கு, அளவு தெரிந்தது, எல்லோரும் ஏற்றுக்கொண்டோம். அதேபோல எளிய வெளிப்பூச்சுத் தைலங்கள் பத்தைப் பொதுச் செய்முறையாக அறிவித்து, அதன்படி காய்ச்சும் குழுக்களுக்குச் சிறு பதிவு, ஒன்றியத்துக்கு ஒரு பொதுக் கூடம், மாதம் ஒரு மாதிரி சோதனைக்கு. இவ்வளவுதான் நான் கேட்பது.


பாளை சித்தா எழுதியது:

தம்பி, முழு மனதோடு சேர்ந்துகொள்கிறேன். ஒரு நிபந்தனை: உள்ளுக்குச் சாப்பிடுவது எதுவும் அந்தச் சிறு பதிவுக்குள் வரக்கூடாது. அங்கே ஈயம் 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் 10 பங்கு), ஆர்சனிக் 3, பாதரசம் 1, காட்மியம் 0.3 என்கிற வரம்பை ஒரு புள்ளிகூடத் தளர்த்த நான் சம்மதிக்கமாட்டேன்.

நிலவேம்பைப் பற்றி நீங்கள் சொன்னதிலும் ஒரு சின்ன வேறுபாடு உண்டு. அரசே ஊற்றியது என்பதால் சோதனை வேண்டாம் என்று ஆகாது. யார் காய்ச்சினாலும் கேள்வி ஒன்றுதான்: சோதித்துப் பார்த்தார்களா?


இழை நடத்துநர் எழுதியது:

ஒரு உறுப்பினர் உள்மருந்து ஒன்றின் அளவையும் வேளையையும் எழுதியிருந்தார், நீக்கிவிட்டேன். சட்டம், பதிவு, அனுபவம் மட்டும் எழுதுங்கள். வேரின் பெயரை ஊகித்து எழுதிய இரண்டு பதிவுகளையும் எடுத்துவிட்டேன்.


கீழ்க்கோத்தகிரி எழுதியது:

ஒன்பது நாள் கழித்து வருகிறேன், மன்னியுங்கள். ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு பேரும் உட்கார்ந்து பேசினோம். இந்த இழையை என் மகள் உரக்கப் படித்தாள். டாக்டரம்மா சொன்ன அந்த அம்மாவின் கதை வந்ததும் ஒருத்தி எழுந்து வெளியே போய்விட்டாள். அவளுடைய அம்மாவும் கூடாரத்தில் வாங்கிய பொடிதான் சாப்பிடுகிறாராம். மறுநாளே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம்.

கோவைப் பக்கம் உரிமம் உள்ள ஒரு கூடத்தில் லோன் லைசென்ஸுக்குப் பேசியிருக்கிறோம். அவர்களிடம் தகுதியுள்ள மருத்துவர் இருக்கிறார், சோதனையும் அங்கேயே. குறைந்தது 50 லிட்டர் காய்ச்ச வேண்டும் என்கிறார்கள், அதுதான் பெரிய தொகை. வாத்தியார் ஐயா, குழுவின் பெயரில் விண்ணப்பிக்கலாமா, ஒருவர் பெயரில்தான் வேண்டுமா?

விண்டர்கிரீனை அளந்துதான் இனி ஊற்றுவோம், அளவைக் கூடத்து மருத்துவர் சொல்வார். லேபிளில் "மூட்டு, தசை வலிக்கு வெளிப்பூச்சு" என்பதோடு நிறுத்திக்கொள்கிறோம்.

வேரைத் தைலத்திலிருந்து எடுத்துவிட்டோம். இருளர் பெண்கள் நால்வரில் மூத்தவர் சொன்னார், "அது எங்க வீட்டுல இருக்கட்டும். யார் கேட்டாலும் நாங்க சொல்றப்ப சொல்றோம்." எனக்கு வருத்தம்தான், அந்த வேர் இல்லாமல் தைலத்தின் மணமே மாறிவிடுகிறது. ஆனால் சொல்ல வேண்டியவர் அவர். சோலைக்காடு தம்பி, ஊராட்சியில் பதிவேடு எழுத எப்போது உட்கார்கிறார்கள் என்று விசாரித்துச் சொல்லுங்கள், நால்வரும் வருவார்கள்.

பரணில் இருந்த 38 பாட்டிலைப் பிரித்து, லேபிளைக் கிழித்துவிட்டோம். எண்ணெயை என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.


ஊட்டி பார்மசி வாத்தியார் எழுதியது:

அம்மா, குழுவின் பதிவு ஆவணங்களை எடுத்துக்கொண்டு ஒரு நாள் ஊட்டிக்கு வாருங்கள், விண்ணப்பத்தைச் சேர்ந்தே நிரப்புவோம். சனிக்கிழமை மதியத்துக்கு மேல் எனக்கு வகுப்பு இல்லை. எண்ணெயைக் கொட்டிவிடாதீர்கள். ஒரு பாட்டிலைத் தனியாக மூடி, காய்ச்சிய தேதியை எழுதி எடுத்து வாருங்கள். சாலிசிலேட் எவ்வளவு இருக்கிறது என்று என் மாணவர்கள் அளந்து பார்க்கட்டும்.